சீட்டின் இடது பாதி

தோல் இல்லை என்று நம்பி ஏறியவர்களை நான் தோலின்மேல் உட்கார வைத்தேன். ஒருவரை இருவரை அல்ல... பதினொரு மாதங்களாக, அந்த வண்டியின் முன் சீட்டில் ஏறிய அத்தனை பேரையும்! வண்டிக்காரருக்குத் தெரியாது. கடை வைத்திருக்கும் என் அண்ணனுக்கும் தெரியாது. முதன்முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன்.

எப்படித் தோன்றியது அந்த எண்ணம்? ஒரே ஒரு தீக்குச்சியில்!

ஓரிக்கை போகும் சாலையில் என் அண்ணன் சேகர் குஷன் கடை வைத்திருக்கிறான். கார் சீட்டுகளுக்கு உறை தைப்பது தொழில். வேதியியல் படித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த நான், பொழுதுபோகாமல் அங்கே போய் உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் தையல் இயந்திரம் என் காலுக்குப் பழகிவிட்டது. ஒரு மாதத்தில் விண்ணப்பங்கள் மறந்தே போயின!

கடையில் வேலை முழுக்க ரெக்ஸினில்தான். துணியின்மேல் பிளாஸ்டிக் பூசிய செயற்கைத் தோல். யாரோ ஒருவர் ஸ்டியரிங்குக்கு உண்மையான தோலில் உறை கேட்டார் என்று, அண்ணன் ஆம்பூரிலிருந்து வெட்டுத்துண்டுகளாக ஒரு கட்டு வரவழைத்தான். அதில் ஒரு முனையைக் கிள்ளி, சும்மா இருக்க மாட்டாமல், தீக்குச்சியைக் காட்டினேன்.

முடி கருகும் வாசனை. அது எங்கள் வீட்டு வாசனை!

என் அப்பா பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறார். இது அசல் பட்டுதானா என்று யாராவது சந்தேகப்பட்டால் அவர் வாதாட மாட்டார். அந்தப் புடவையின் முனையிலிருந்தே ஓர் இழையை உருவிக் கொளுத்துவார். முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. பிளாஸ்டிக் நாற்றம் வந்து உருண்டையாகச் சுருண்டால் போலி. எங்கள் ஊரில் அதற்குமேல் விசாரணை கிடையாது.

அதே வாசனை, ஆம்பூர்த் தோலிலிருந்து! இரண்டும் புரதம் அல்லவா... படித்தபோது வெறும் வரியாக இருந்தது, இப்போது மூக்கில் ஏறியது. நான் துள்ளிக் குதித்தேன்.

“அண்ணா! தோலும் பட்டும் ஒரே சாதிண்ணா!”

“இத வூட்ல போயி சொல்லாத. அப்பா தறிலேர்ந்து எழுந்து வந்து உதைப்பாரு,” என்றான் அவன். பிறகு கடைக்கு வந்திருந்தவரிடம், “ஊருல பொண்ணுங்க புடவை முந்தானையத் தடவிப் பாக்கும். இது சீட்டத் தடவிக்கினு இருக்குது சார்,” என்று சிரித்தான்.

சிரிக்கட்டும்! அன்று முதல் எனக்குள் ஒரே கேள்விதான். எது உண்மையில் நல்லது? இணையத்தில் படிக்காத கட்டுரை இல்லை. தோல்தான் என்று ஒருவர் சத்தியம் செய்கிறார். செயற்கையே போதும் என்று இன்னொருவர். எந்த ஊர் வெயிலில் வைத்துப் பார்த்தார்கள்? நம் சித்திரை வெயிலில் கோயில் வாசலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியில் எது நிற்கும்? யாரும் சொல்லவில்லை. ஒரே சீட், ஒரே வெயில், ஒரே உடம்பு, ஒரே வியர்வை... அப்படி வைத்துப் பார்த்தால் அல்லவா நியாயமான போட்டி!

அந்த நேரம் பார்த்துத்தான் தாமோதரன் அண்ணன் வந்தார்.

அவரும் ஒரு காலத்தில் தறியில் உட்கார்ந்தவர்தான். இப்போது ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்றைச் சொந்தமாக ஓட்டுகிறார். வெளியூரிலிருந்து வரும் பக்தர்களை ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராஜர் என்று சுற்றிக்காட்டி, திருமுக்கூடல் வரை கொண்டுபோய்க் கொண்டுவருவார். எல்லாச் சீட்டுக்கும் புது உறை போடச் சொன்னார்.

“தோலு மட்டும் வாணாம்மா மலரு. ஆச்சாரம் பாக்குறவங்கதான் நம்ம வண்டில ஏறுறாங்க. தோலுன்னு தெரிஞ்சா எறங்கிடுவாங்க.”

நான் தலையாட்டினேன். தலை ஆடிக்கொண்டிருக்கும்போதே என் மனம் அளவெடுத்துக்கொண்டிருந்தது...

ஓட்டுபவருக்குப் பக்கத்து முன் சீட்டை நானே தைத்தேன். உட்காரும் பகுதியை நடுவில் ஒரு தையல் போட்டு இரண்டாகப் பிரித்தேன். வலது பாதி ரெக்ஸின். இடது பாதி ஆம்பூர்த் தோல். இரண்டும் கறுப்பு. தோலின்மேல் அச்சடித்த வரிகளும் ரெக்ஸின் வரிகளும் ஒன்றுபோலவே இருந்தன. என் கண்ணே ஏமாந்தது! அவ்வளவு அழகான வேலை. அதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குப் பெருமை வருகிறது. இந்தப் பெருமையையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

மிஞ்சிய ரெக்ஸினில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை அண்ணன் அவரிடம் கொடுத்தான். அவர் அதை டாஷ்போர்டில் வைத்துக்கொண்டார். யாராவது சந்தேகமாகக் கேட்டால் அதில் ஒரு நுனியை வெட்டி லைட்டரைக் காட்டுவார். பிளாஸ்டிக் நாற்றம் வரும். ஏறியவர்கள் நிம்மதியாக உட்காருவார்கள். எதன்மேல்? நான் தைத்த இடது பாதியின்மேல்!

எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அவர் எதற்காகக் கடைப்பக்கம் வந்தாலும், தூசி தட்டுகிற சாக்கில் கதவைத் திறந்து இரண்டு பாதியையும் தொட்டுப் பார்ப்பேன். வெயிலில் நின்று வந்த நாளில் இரண்டுமே சுட்டன. ஆனால் தோல் சீக்கிரம் ஆறியது. வலது பாதியில் வியர்வை வழுக்கி நின்றது. இடது பாதியில் நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் எழுதும்போது கை பரபரக்கும். அடுத்து எப்போது வருவார், அடுத்து எப்போது வருவார் என்று சாலையையே பார்த்துக்கொண்டிருப்பேன்...

நான்காவது மாதத்தில் ஒரு காலை. தலை சாய்க்கும் குஷன் ஆடுகிறது என்று, பக்தர்களோடேயே வந்து நிறுத்தினார். இறங்கி நின்றவர்களில் ஓர் அம்மாள். ஏதோ நீண்ட விரதத்தில் இருந்தார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. வெறும் காலோடு நின்றார்கள். நான் குஷனை முடுக்கி முடித்ததும் முன் சீட்டைக் காட்டி, “இது தோல் இல்லையே? முழங்கால் வலின்னு முன்னாடி உட்காரச் சொல்றா. நேக்கு இப்போ தோல் சேராது, அதான் கேட்டுண்டு ஏறலாம்னு,” என்றார்கள்.

தாமோதரன் அண்ணன் சிரித்தார். “நான் சொன்னா நம்ப மாட்டீங்க. எரிச்சே காட்டுறேம்மா!”

நுனியை வெட்டினார். கொளுத்தினார். அந்த அம்மாள் குனிந்து முகர்ந்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு, “பிளாஸ்டிக்தான்... பிளாஸ்டிக்தான்!” என்று குழந்தைபோல் மகிழ்ந்தார்கள்.

“தைச்ச பொண்ணே எதிர்ல நிக்குது. வேணும்னா அதையும் கேட்டுக்கங்க,” என்றார் அவர்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் தலையாட்டினேன். மறுபடியும்! பயத்தால் என்று நினைக்காதீர்கள். பயமாக இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் மன்னிப்பு மிஞ்சியிருக்கும். நான்கு மாதம்தான் ஆகியிருந்தது... கோடை இன்னும் வரவில்லை... இப்போது சொன்னால் சோதனை பாதியில் நின்றுவிடுமே! அந்த நொடியில் என் மனத்தில் ஓடியது இதுதான். இது மட்டும்தான்.

அந்த அம்மாள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார்கள். கண்ணாடியை இறக்கி, மடியிலிருந்த கோயில் பூவைக் கிள்ளி, “இந்தா குழந்தை, வெச்சுக்கோ,” என்று நீட்டினார்கள்.

வாங்கினேன். தலையில் வைத்தும் கொண்டேன்.

சமாதானங்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் கட்டியிருந்தது பட்டு. ஒரு புடவைக்கு எத்தனை புழுக்கள் வெந்நீரில் போகின்றன என்று எனக்குத் தெரியும். அந்த இழையில்தான் நான் வளர்ந்தேன். புழு ஆகும், மாடு ஆகாதா? எத்தனை முறை இந்த வாதத்தை எனக்குள் ஜெயித்திருக்கிறேன்! ஆனால் அது அவர்களோடு நேருக்கு நேர் நின்று பேச வேண்டிய வாதம். அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் உட்காரும் இடத்தில் தைத்துவைக்க வேண்டிய வாதமா?

சரி, முடிவு என்ன என்று கேட்கிறீர்களா? கேளுங்கள், எனக்கும் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது! பதினொரு மாத முடிவில் வலது பாதியில், தையல் ஓரமாக முடி போன்ற வெடிப்புகள். இடது பாதி லேசாகச் சுருக்கம் விழுந்து, மெத்தென்று, இன்னும் அழகாகிவிட்டது! ஆனால் யாரோ பிரசாதப் பொங்கலைக் கொட்டியபோது, வலது பாதியை ஒரே துடைப்பில் துடைத்துவிட்டார்கள். இடது பாதி நெய்யைக் குடித்துக் கறையாக வைத்துக்கொண்டது. இரண்டுக்கும் வெற்றி, இரண்டுக்கும் தோல்வி! எவ்வளவு நல்ல முடிவு... யாரிடம் காட்டுவேன்? சேகர் அண்ணனிடம்கூடச் சொல்ல முடியாத முடிவு.

போன ஞாயிற்றுக்கிழமை தாமோதரன் அண்ணன் வந்தார்.

“மலரு, எனக்கு சவாரி புடிச்சுக் குடுக்குற பட்டுக்கடைக்காரரு ஒருத்தரு என்ன மடக்கிட்டாரும்மா. ‘நீ எரிக்கிறது துண்டுய்யா, சீட்டுலேர்ந்து எடுத்து எரி பாப்போம்’னாரு. நியாயந்தானே? தறில உக்காந்தவன் நான், எனக்கே தோணாமப் போச்சு பாரு! வெள்ளிக்கெழம அவரோட வரேன். நீயே அடியில, தெரியாத எடமாப் பாத்து கொஞ்சூண்டு வெட்டிக் குடு.”

“எந்தப் பக்கம்ணா?” என்று என் வாய் கேட்டுவிட்டது.

“எந்தப் பக்கமா இருந்தா இன்னாம்மா? ரெண்டும் ஒண்ணுதானே!”

அவர் போய்விட்டார். நான் கணக்குப் போட்டேன். வலது பக்கம் வெட்டினால் போதும். பிளாஸ்டிக் நாற்றம் வரும், கடைக்காரர் தலையாட்டுவார், தாமோதரன் அண்ணனின் பிழைப்பு தப்பும். அல்லது அதற்குள் ஏதாவது சொல்லி வண்டியை வாங்கி, இடது பாதியைப் பிரித்து ரெக்ஸின் போட்டுவிடலாம். ஒரு மணி நேர வேலை! யாருக்கும் எதுவும் தெரியவே போவதில்லை. அந்த அம்மாளுக்கும்தான். அவர்கள் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது... அவர்களிடம் நான் எதைப் பிரித்து எதைத் தைப்பேன்?

இன்று காலை அவருக்குப் போன் செய்தேன்.

“ண்ணா, வியாழக்கெழமையே வாங்க. தனியா வாங்க.”

“இன்னாத்துக்கும்மா? சீட்டு நல்லாத்தானே இருக்குது?”

“ஒரு வேலை பாக்கி இருக்குதுண்ணா.”

வெள்ளிக்கிழமை இன்னொருவர் எதிரில் அவர் தலைகுனியக் கூடாது. அதற்காகத்தான் வியாழன். பேச வேண்டியதைப் பலமுறை சொல்லிப் பார்த்தேன். ‘ண்ணா’ என்ற இடத்திலேயே நாக்கு நின்றுவிடுகிறது. ஆகவே பேசப்போவதில்லை. கத்தரியை வைப்பேன். அடியில் அல்ல, அவர் கண்ணுக்கு நேராக, இடது பாதியில். கொளுத்தி அவரிடம் நீட்டுவேன். அவர் மூக்கு பட்டில் பழகிய மூக்கு. மிச்சத்தை அந்த வாசனை சொல்லிக்கொள்ளும்.

அதன் பிறகு அவர் என்ன சொல்வார், எத்தனை பேரை நினைத்துப் பார்ப்பார்... எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நெய் குடித்த தோல் எப்படி எரியும்? அதே வாசனைதான் வருமா? இதை எழுதும் இந்த நிமிடத்திலும் என் விரல்கள் பரபரக்கின்றன. அந்தக் கறைக்குப் பக்கத்தில்தான் வெட்டப்போகிறேன்.