மூட்டத்தில் எடுத்த படம்

பதுளையில் என் ரிப்பேர்க் கடைக்கு வந்து பாருங்கள். டிவியோ இன்வெர்ட்டரோ, உள்ளே இருக்கும் சர்க்கிட் போர்டைக் கிட்டத்தில் வைத்துத் தெளிவாகப் படம் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. மொனராகலையில் கடை வைத்திருக்கும் பையன்கள்கூட, "அண்ணன் எடுத்தா எறும்புக் காலும் தெரியும்" என்பார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இந்த வித்தையை எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. பத்து வயதில், பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், நானே கண்டுபிடித்தேன்.

அப்போது அம்மா உடம்புக்கு முடியாமல், கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் படுத்திருந்தார். ரேடியோதான் அவருக்குப் பேச்சுத்துணை. அந்த நேரம் பார்த்து அதுவும் வாயை மூடிக்கொண்டது. அப்பா துடித்த துடிப்பைப் பார்க்க வேண்டுமே!

அம்மாவின் தம்பி, என் மாமா, பதுளையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். கொழும்பில் அவருக்கு ரேடியோ பழுதுபார்க்கும் கூட்டாளி ஒருவர் இருந்தார்.

"பொட்டிய அனுப்பினா திரும்பி வருமா மச்சான்?" என்றார் அப்பா.

"அப்ப படம் எடுத்து அனுப்புவோம். எது எரிஞ்சிருக்குன்னு அவன் பாத்துச் சொல்லுவான்."

மாமா ஸ்டூடியோ கேமராவின் முன்னால் ஒரு பூதக்கண்ணாடியைப் பொருத்தி, உச்சி வெயிலில், வாசலில் வைத்துப் போர்டைப் படம் எடுத்தார். கழுவிப் பார்த்தால் ஈயப் பொட்டுகள் மட்டும் பளிச்சென்று மின்னின. வேறொன்றும் தெரியவில்லை. கூட்டாளி சொல்லியனுப்பினார்: "பல்லக் காட்டுற படம் வேணாம், போர்டக் காட்டுற படம் அனுப்பு."

மறுவாரம் மாமா வந்தபோது வெயிலே இல்லை. மலையெல்லாம் மூட்டம். "இன்னைக்கு ஆகாது" என்று கேமராவை உறைக்குள் போடப் போனார். அப்பாவின் முகம் விழுந்துவிட்டது.

நான் சொன்னேன்: "மாமா, வெயில்ல கூரைத் தகரம் கண்ணக் கூசுது. மூட்டத்துல கூசலியே. இப்பவே எடுங்க."

"பாரு அக்கா, ஸ்டூடியோக்காரனுக்கே ஒம் மகன் பாடம் எடுக்குறான்!"

உள்ளே படுத்தபடியே அம்மா சிரித்தார். "எடுத்துத்தான் பாரேன்டா."

போர்டைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தோம். எதிரே ஒரு ஸ்டூல், அதன்மேல் மாவுப் பை, பையில் அசையாமல் பதித்த கேமரா. மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டார். நானும் பிடித்துக்கொண்டேன். அப்பாவும் பிடித்துக்கொண்டார், அவர் எதற்கென்று தெரியவில்லை.

அந்தப் படத்தில் ஒவ்வொரு கம்பியும் தெரிந்தது. ஒரு மூலையில் கருகிய சாமான் தனியாகத் தெரிந்தது. கூட்டாளி படத்தைப் பார்த்து, அதேபோல் புதுச் சாமான் ஒன்றைக் கொழும்பிலிருந்து அனுப்பி வைத்தார். மாமா ஈயம் வைத்தார். ரேடியோ பாடியது.

அன்று முதல் பொழுது சாய்ந்தால் அப்பா அதன் பக்கத்தைவிட்டு நகர மாட்டார். அம்மாவுக்கு இருமல் வரும்போதெல்லாம் அப்பாவின் கை ரேடியோக் குமிழைத் திருகும், சத்தம் கூடும். நல்ல பாட்டு வந்துவிட்டதென்று நான் எழுந்து ஆடுவேன். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அம்மா என் ஆட்டத்தைப் பார்ப்பார். எங்கள் அப்பாவுக்கு இப்படியொரு பாட்டுப் பைத்தியமா என்று லயம் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.