இடக்கண்ணுக்கு மூன்று தேங்காய் குறைந்தது

எங்கள் தென்னையில் இருபத்துமூன்று காய்கள் இருந்தன. வலக்கண்ணில் தூசி விழுந்த அன்று, இடக்கண்ணால் மட்டும் எண்ணினேன், இருபதுதான். நடுவில் ஒரு கறை மறைத்தது. பார்வை போய்விடுமோ என்று பயந்து கள்ளக்குறிச்சியில் கண் மருத்துவரிடம் ஓடினேன்.

"கண்ணுக்குள்ள ரத்தக் குழாய்ல கசிவு இருக்குதுங்க. உடம்புல ரத்தம் கம்மியா இருந்தாலும் இப்படி ஆகும், டெஸ்ட் எடுங்க," என்றார்.

இரும்புச்சத்து மிகக் குறைந்திருந்தது. காரணம், இரண்டு வருடமாக வெட்கப்பட்டு மறைத்த மூலநோய் ரத்தப்போக்கு.

"ஊர்த் தேங்காய எல்லாம் எண்ணிக்கினு இருக்கீங்க, இத சொல்றதுக்கு இன்னாங்க?" என்றாள் மனைவி.

மூலத்துக்குச் சிகிச்சையும் நான்கு மாதம் இரும்புச்சத்து மாத்திரையும் எடுத்தேன், கறை மறைந்தது. இப்போதெல்லாம் எந்த மருத்துவரைப் பார்த்தாலும் மூலத்தைத்தான் முதலில் சொல்கிறேன். போன வாரம் பல் மருத்துவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.