மலைக்குப் போயிருக்காரு

மருமகள் ஓர் அட்டையை என் மடியில் வைத்து, "மாமா, ஒங்க ரூமுக்கு எந்த வெள்ளைன்னு நீங்களே சொல்லிருங்க" என்றாள். பெயின்ட் கடையில் கொடுக்கிற வண்ண அட்டை. எல்லாம் வெள்ளை. எண்ணினேன், பதினேழு. எதையாவது எண்ணாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. அது தெரிந்தேதான் அவள் இதைக் கொடுத்துவிட்டுச் சமையலுக்குப் போயிருப்பாள். ஒன்று முத்து வெள்ளையாம், ஒன்று முட்டை ஓட்டு வெள்ளையாம். பனி வெள்ளை என்று மட்டும் மூன்று இருந்தன. அட்டையை முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. இப்போதைய பெயின்டுக்கு வாசனையே கிடையாதாம், அதுதான் அதன் பெருமையாம்.

எனக்குத் தெரிந்த வெள்ளைக்கு வாசனை உண்டு. மழையில் நனைந்த கல்லைக் கையில் எடுத்து முகர்ந்திருக்கிறீர்களா? அதோடு பிய்த்த வேரின் வாசமும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வாசனை இன்றைக்கு எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

அப்போது நான் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூட வாத்தியார். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரே கட்டடம், ஐந்து வகுப்பு, இரண்டு வாத்தியார், அதில் நான் இளையவன். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். அதுவரை அண்ணன்மார் குடும்பங்களோடு ஒரே காம்பராவில் கிடந்தேன். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்கு விட்ட அறைக்குத்தான் காம்பரா என்று பெயர். படுத்த பிறகு எண்ணினால் ஒன்பது தலை. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் எடுத்துச் சொன்னதில், காலியாகக் கிடந்த கடைசிக் காம்பராவைத் துரை எனக்கு ஒதுக்கினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா நின்றேன். என் வீடு. எண்ணுவதற்கு ஒரே ஓர் ஆள்.

வீடு வீடுதான், ஆனால் கரி. முன்பு இருந்தவர்கள் உள்ளேயே அடுப்பு வைத்து ஈர விறகை எரித்திருந்தார்கள். சுவர் கூரை வரைக்கும் கறுத்து, தொட்டால் விரலில் மையாக ஒட்டியது. சுண்ணாம்பு வாங்கி வந்து அடித்தேன். அன்றைக்கு வெள்ளையாக இருந்தது. மறுநாள் உள்ளிருந்த கரி, சுவரில் யாரோ சாயத்தண்ணியைக் கொட்டியதுபோல் பழுப்பாக ஊறி வெளியே வந்தது. பால் கலக்காத தேநீரைத்தான் எங்கள் பக்கம் சாயத்தண்ணி என்போம். மறுபடி அடித்தேன், மறுபடி ஊறியது. பிறகு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இவ்வளவு கவலைக்குக் காரணம் கந்தப்பளையில் இருந்தது. சித்தப்பா அங்கே எனக்கு ஒரு பெண் பேசியிருந்தார். அவளை ஒரே ஒருமுறை, ஒரு கோயில் திருவிழாவில் பார்த்திருந்தேன். மாவிளக்கு ஊர்வலத்தில் அவள் விளக்கு காற்றில் அணைந்துபோயிற்று. பக்கத்தில் போன பெண்ணின் தட்டிலிருந்து, கேட்காமலே, அதைப் பற்றவைத்துக்கொண்டு நடந்தாள். அந்த ஒரு காரியத்துக்காக நான் எத்தனை இரவு தூங்கவில்லை என்பதை மட்டும் எண்ணி வைக்கவில்லை. அவளுடைய அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. மூத்த மகளை ஒரு புகைக் காம்பராவுக்குக் கட்டிக்கொடுத்து, அது இருமலோடு திரும்பி வந்து கிடந்தது. ஆகவே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "கரி புடிச்ச செவுத்துக்குள்ள இன்னொரு புள்ளைய அனுப்ப மாட்டேன். வீட்டப் பாத்துட்டுத்தான் வெத்தல பாக்கு." பொங்கலன்றைக்கு வருவதாகப் பேச்சு.

எனக்கு இரண்டு கூட்டாளிகள். சவரிமுத்து தேயிலை இஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், அடுப்புக்கு விறகு போடுகிறவன். ஹனிபா நோர்வூட்டில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகன். வாளியின் மேல் நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டுச் சவரிதான் விஷயத்தைச் சொன்னான். மேலே மொட்டைப் பாறைக்கு அடியில் ஒரு மரம் வேரோடு சாய்ந்திருக்கிறது, அந்தக் குழியில் வெள்ளைக் களிமண், சிங்களக் கிராமத்து ஆட்கள் கிரிமெட்டி என்பது, பால் மாதிரி கிடக்கிறது; பூசினால் கரியை விழுங்கிவிடும் என்றான். ஹனிபா உடனே திரைச்சீலைக்கு நான் துணி தருகிறேன், சாக்கும் தருகிறேன் என்று கிளம்பிவிட்டான். அவனுக்குக் கடையை விட்டு வெளியே வர எந்தச் சாக்கு கிடைத்தாலும் போதும்.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. எங்கள் தோட்டங்களில் மலை என்றால் மலை அல்ல, தேயிலைக் காடு. ஆறாம் நம்பர் மலை, பத்தாம் நம்பர் மலை என்று ஒவ்வொரு துண்டுக்கும் எண் உண்டு. "மலைக்குப் போறேன்" என்றால் வேலைக்குப் போகிறேன் என்று பொருள். சுற்றிலும் உண்மையான மலைகள் நிற்கின்றன. அவற்றைச் சொல்ல எங்களிடம் சொல் மிச்சமில்லை. கையைத் தூக்கி "மேல" என்போம், அவ்வளவுதான். நானோ புத்தகம் படித்தவன். அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, பக்கத்துக் காம்பரா அங்கம்மா அக்கா எங்கே இவ்வளவு வெள்ளென என்று கேட்டபோது, நல்ல தமிழில் "மலைக்குப் போயிட்டு வர்றேங்க்கா" என்றேன். தோளில் சாக்கு, கையில் மண் கிளறுகிற இரும்பு முள்ளு. அக்கா தலையாட்டினார்.

தேயிலை முடியும் இடத்தில் காடு ஆரம்பித்தது, காடு ஆரம்பித்த இடத்தில் இரத்தம் குடிக்கிற அட்டை. ஹனிபா கடையிலிருந்து கொண்டுவந்த சவர்க்காரத்தைக் கால் முழுக்கத் தேய்த்திருந்தோம். எங்களைச் சுத்தமாக்கிச் சாப்பிட அட்டைகளுக்கு அது வசதியாக இருந்தது. நான் நின்று நின்று பிடுங்கி எண்ணிக்கொண்டு வந்தேன். சவரி திரும்பிப் பார்த்து, "வாத்தியாரே, இடாப்பு கூப்புடுறியா? எல்லாரும் வந்துருக்காங்களான்னு பாத்துக்க" என்றான். பள்ளிக்கூடத்தில் நான் காலையில் பேர் கூப்பிடுகிற இடாப்பை அவன் அதற்குப் பிறகு சாகும்வரை விடவில்லை.

காட்டுக்கு மேலே மானாப்புல் சரிவு. ஆள் உயரப் புல், பனியில் நனைந்து கத்தியாக இருந்தது. கையால் விலக்கினால் கீறியது, விலக்காவிட்டால் முகத்தைக் கீறியது. அதற்கும் மேலே பாறை. நான் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே போனேன். மழை வரும், மூட்டம் இறங்கும், ஹனிபாவின் செருப்பு அறுந்துவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலில் செருப்பு அறுந்தது. என் வாயைக் கழுவச் சொன்னான் சவரி. ஆனாலும் பாறை அடியில் உட்கார்ந்து ரொட்டியையும் சம்பலையும் பிரித்தபோது மூட்டம் ஒரு நிமிஷம் விலகியது. கீழே எங்கள் லயம் ஒரு தீப்பெட்டி. எண்ணினேன், பன்னிரண்டு கதவு. கடைசிக் கதவு என்னுடையது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் கரி தெரியவில்லை.

மண் சவரி சொன்ன இடத்திலேயே இருந்தது. சாய்ந்த மரத்தின் வேர்ப்பந்துக்குக் கீழே முள்ளைக் குத்தினால் வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு வந்தது. நான் முன்னே சொன்ன வாசனை அந்தக் குழியில்தான். மூன்று சாக்கும் நிறைந்தது. மழையும் வந்தது.

இறங்கும்போதுதான் அது நடந்தது. வழுக்குப் பாறையில், ஒரு கால் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக வந்த ஹனிபா சறுக்கினான். அவனுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, வெறும் மூட்டம். நான் என் சாக்கை விட்டுவிட்டு அவன் சட்டையைப் பிடித்தேன். சாக்கு இரண்டு தரம் உருண்டு, மூட்டத்துக்குள் போய், வெகுநேரம் கழித்து எங்கோ மொத்தென்று விழுந்தது. மூவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"ஒரு செவுரு போச்சு" என்றான் சவரி.

ஹனிபா, "மச்சான், என்னைய விட்டுட்டு சாக்கப் புடிச்சிருக்கலாம்" என்றான்.

"நீ துணி தரணுமே, அதான் புடிச்சான்" என்று சவரி சொன்ன பிறகுதான் எங்களால் சிரிக்க முடிந்தது. மிச்சமிருந்த இரண்டு சாக்குகளும் மழையில் கரைந்து முதுகு வழியாக வழிந்தன. லயத்தை அடையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை. மூன்று பண்டாரங்கள் வருவதாக நினைத்து நாய்கள் குரைத்தன.

என் காம்பராவின் முன்னால், இஸ்தோப்பில், கறுப்புக் கோட்டும் குடையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். லயத்து வாசல் தாழ்வாரத்தைத்தான் இஸ்தோப்பு என்போம். பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது, கந்தப்பளைக் கணக்கப்பிள்ளை. சொல்லிவிட்டுப் போனால் எல்லா வீடும் வெள்ளையாகத்தான் இருக்கும் என்று, ஹட்டனில் தங்கை வீட்டுக்கு வந்தவர் அப்படியே சொல்லாமல் வந்திருக்கிறார். அங்கம்மா அக்காவிடம் வாத்தியார் எங்கே என்று கேட்டிருக்கிறார். அக்கா, என்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்து, "மலைக்குப் போயிருக்காருங்க. சாக்கு, முள்ளு எல்லாம் எடுத்துக்கிட்டுத்தான்" என்றிருக்கிறார்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். வாத்தியார் மாப்பிள்ளை என்று பேசியிருக்கிறார்கள். வந்து பார்த்தால், ஆள் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு மலையில் வேலை செய்யப் போயிருக்கிறான். சித்தப்பா புளுகிவிட்டார், எழுந்து போய்விடலாம் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். போகிறதுக்கு முன்னால் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாமென்று, அக்கா கொடுத்த சாயத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வெள்ளக் கொழுந்த எத்தனாம் நம்பர் மலையில எடுத்தீங்க, தம்பி?"

சவரிதான் கையைத் தூக்கி, மூட்டத்துக்குள் இருந்த பாறைப் பக்கம் காட்டினான். "மேலங்க. ஒங்க புள்ளைக்குச் செவுரு பூச."

அவர் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு ஹனிபாவின் வெறுங்காலைப் பார்த்தார். எழுந்து காம்பராவுக்குள் போனார். கரி அப்படியே இருந்தது, நான் அடித்த சுண்ணாம்பின் பழுப்போடு. மெல்லத் திரும்பி, சாக்கில் மிஞ்சியிருந்த களிமண்ணை ஒரு கை அள்ளி, அடுப்பு இருந்த இடத்துக்கு மேலே, கரி மிகத் தடித்திருந்த சுவரில் பூசினார். சாம்பல் நிறமாக இருந்தது. ஈரத்தில் பார்த்தால் அது வெள்ளையாகவே தெரியவில்லை.

ஹட்டனுக்குக் கடைசி பஸ் வருகிற நேரம் என்று அவரும் அறிவார், நாங்களும் அறிவோம். சவரி குப்பிலாம்பைக் கொளுத்தி, காயட்டும் என்று சுவருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். நான்கு ஆண்கள் ஒரு கை அகலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. கீழ் ரோட்டில் பஸ்ஸின் சத்தம் கேட்டது. வளைவில் ஹார்ன் அடித்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பஸ் போய்விட்டது.

ஓரத்திலிருந்துதான் வெளுக்க ஆரம்பித்தது. பால் பொங்கி நடுவுக்கு வருவதுபோல் மெல்ல மெல்ல வந்து, கடைசியில் கண் கூசியது. அவர் விரலால் தேய்த்து, விரலை விளக்கில் காட்டிப் பார்த்தார். கரி இல்லை.

"ரெண்டு தரம் பூசுங்க" என்றார். வாசலுக்குப் போய்க் குடையை எடுத்தவர் நின்றார். "அடுப்ப இஸ்தோப்புக்கு மாத்திருங்க. அவ குள்ளம், ரொம்ப ஒசத்திக் கட்டிறாதீங்க."

வெற்றிலை பாக்கு பிறகு முறைப்படி மாற்றினோம். ஆனால் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது அந்த அடுப்பின் உயரத்தில்தான்.

மண் இரண்டு சுவருக்குத்தான் வந்தது. மற்ற இரண்டில் ஹனிபாவின் பூப்போட்ட துணியும், துரை பங்களாவில் கழித்துவிட்ட ஆங்கிலப் பத்திரிகைப் படங்களும். படங்கள் இருபத்தொன்று. அதில் ஒன்று உச்சியெல்லாம் பனி மூடிய ஏதோ தேசத்து மலை. அவள் வந்த புதிதில் அதைக் காட்டி, அது எத்தனாம் நம்பர் என்று கேட்டாள். அப்பா சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். எந்தச் சண்டையிலும் நான் எழுந்து வெளியே போனால், தேடி வருகிறவர்களிடம் "மலைக்குப் போயிருக்காரு" என்பாள். நான் சிரித்துக்கொண்டு திரும்பி வரவேண்டியதாகிவிடும்.

தோட்டத்து ஆட்களை இரண்டு அரசாங்கமும் பங்கு பிரித்தபோது சவரிக்கு இந்தியா என்று எழுதி வந்தது. கூடலூர்ப் பக்கம் போய், அங்கேயும் தேயிலையில்தான் வேலை செய்தான், அங்கேயே செத்தான். ஹனிபாவின் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். லயத்தின் எங்கள் பக்கம் ஒரு மழையில் மண்ணோடு போயிற்று. பன்னிரண்டில் எட்டுக் கதவு மிச்சம் என்று போன வருஷம் பார்த்துவிட்டு வந்தேன். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது.

மருமகள் அடுக்களையிலிருந்து வந்தாள். இதில் அந்த வெள்ளை இல்லையே என்று அட்டையை நீட்டினேன். எந்த வெள்ளை என்று கேட்டாள். சொன்னேன். கொழும்பில் பிறந்த பிள்ளை, பொறுமையாகத்தான் கேட்டாள். முடிவில், "அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு, மாமா" என்றாள்.

மலையேறியது சரி. நாங்களும் ஏறினோம். மழையோடு, ஒரு சாக்குக் குறைய, பொழுது சாய இறங்கி வந்துவிட்டோம். வாசலில் அதுவரை ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்.