மூன்று பேர் கீறிய ஒரு பிளான்

நானும் நானாவும் மட்டும் இருந்தவரை எங்களுக்கு எந்த விதிமுறையும் தேவைப்படவில்லை. நானா என்று, அதாவது அண்ணன் என்று, நான் சொல்வது எங்கள் முதலாளியை. கண்டி டவுனில் ஒரு கடையின் மேல்மாடியில் இருந்து கம்பியூட்டரில் வீட்டுப் பிளான் கீறிக்கொடுக்கிறோம். ஓ.எல். வரை மட்டும் படித்த எனக்கு அல்லாஹ் தந்த தொழில் இது. சந்தேகம் வந்தால் கதிரையைத் திருப்பிக் கேட்பேன், அவர் சொல்வார், அவ்வளவுதான்.

வேலை கூடியபோது அம்பிட்டியவிலிருந்து ஒரு தங்கச்சி வந்து சேர்ந்தார். கெட்டிக்காரி. நான் கீறினால் ரோட்டுப் பக்கம் எப்போதும் தாளின் கீழே வரும். வீட்டுக்காரர் ரோட்டில் நின்று தன் வீட்டைப் பார்ப்பதுபோல. தங்கச்சி வகுப்பில் படித்தது வேறு. வடக்கு எப்போதும் மேலே. அவர் செய்துவைத்த வெற்றுத் தாளிலும் வடக்குக் குறி மேலே பார்த்தபடியே இருக்கும். ஒரே பிளான் மூன்று பேர் கைக்கும் போய்வரத் தொடங்கியது.

“நானா, எல்லாரும் ஒரே மாதிரிக் கீற ஒரு முறைய எழுதி ஒட்டுவமா?” என்று கேட்டேன்.

“மூணு பேருக்கு என்னத்துக்கு சட்டம்? இருவது பேர் வரட்டும், பாப்பம்.”

“அண்ணன் சொல்ற முறைன்னா நாம எல்லாரும் ரோட்டத்தான் கும்பிடணும் நானா” என்றார் தங்கச்சி. எனக்கும் சிரிப்பு வந்தது. பேச்சு அதோடு போய்விட்டது.

பிறகு பல்லேகலப் பக்கம் ஒரு ராத்தாவின் வீட்டு வேலை வந்தது. அக்கா வயதுப் பெண்களை நாங்கள் ராத்தா என்போம். கணவருக்குக் கட்டாரில் வேலை. ராத்தா கேட்டது ஒன்றே ஒன்று: கழிப்பறையில் உட்காருபவர் கிப்லாவை, நமக்கு மேற்கே இருக்கும் மக்காவின் திசையை, முன்னோக்கவும் கூடாது, பின்னோக்கவும் கூடாது. வீட்டை நான் கீறினேன். தங்கச்சி அதைத் தன் தாளில் ஏற்றினார். கழிப்பறையை நானா வைத்தார்.

அத்திவாரம் முடிந்து, நிலத்துக்குக் கொங்கிறீட் போட இருந்ததற்கு முதல்நாள் நான் அங்கே போனேன். பின்னேரத்து அசர் தொழுகை நேரம். போனில் கிப்லா பார்த்து, மணல் குவியலுக்குப் பக்கத்தில் பாயை விரித்தேன். நேர் எதிரே ரோடு. தொழுது முடித்து எழும்பும்போதுதான் கழிப்பறைக் குழாய் நின்ற இடம் கண்ணில் பட்டது. குழாய் பின்சுவர் வரும் பக்கமாக நின்றதால், அங்கே உட்காருபவரும் நான் பார்த்த திசையைத்தான் பார்ப்பார்.

பிளானை விரித்தேன். ரோடு கீழே. அந்தக் காணிக்கு ரோடு மேற்கில், ஆகவே தாளின் கீழ்ப்பக்கம் மேற்கு. தங்கச்சி படத்தைத் திருப்பாமல் ஏற்றியதால் வடக்குக் குறியோ மேலே. குறியை நம்பிய நானா, தெற்கு என்று நினைத்துக் கீழே பார்க்க வைத்திருக்கிறார்.

நானாவுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். “இப்ப ஒண்டும் சொல்லாதீங்க. கொங்கிறீட் போடட்டும், பொறகு மெதுவாப் பேசுவம்” என்றார்.

ராத்தா பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு வந்திருந்தார். கோப்பையைக் கையில் வாங்கிய பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

ராத்தா பிளாஸ்கைக் கீழே வைத்தார். “இதக் கீறினது யாரு தம்பி?”

“நாங்க மூணு பேரும் ராத்தா.”

“மூணு பேரும் ஒரே கடதாசியப் பாக்கல்லயா?”

கொத்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேசன் பாஸ் இதைக் கேட்டு வேலையை நிறுத்தினார்.

மறுநாள் நானா என் மேல் கோபமாகத்தான் இருந்தார். ஆனாலும் எங்கள் இருவரையும் தன் கம்பியூட்டருக்கு முன்னால் கூப்பிட்டார். “இருவது பேர் வர முந்தி எங்கட பேரு போயிரும் போல. சொல்லுங்க, எப்பிடிக் கீறுவம்?” நான் ரோட்டை விட்டுக்கொடுத்தேன். இனி யார் கீறினாலும் வடக்கு மேலே. பிளான் எங்கள் கையை விட்டுப் போகும் முன் இன்னொருவர் காணிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாவது ஆள் வந்த அன்றே இதைச் செய்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

திருத்திய பிளானை நானே ராத்தாவிடம் கொண்டுபோனேன். அவர் அதை வாங்கினார், விரித்துப் பார்க்கவில்லை. பாஸிடம் நீட்டினார்.

“கடதாசி இரிக்கட்டும். பாஸ் குழாயத் திருப்பி வைக்கிற வரைக்கும் நீங்க இங்கயே நில்லுங்க தம்பி.”

வெயிலில் நின்றேன்.