இருட்டுக்காரி எடுத்த பன்னிரண்டாவது படம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். எனக்கும் என் நாத்தனாருக்கும் ஆகாது. ஒரே வீட்டில் மூன்று வருடம் எலியும் பூனையுமாகக் காலம் தள்ளியிருக்கிறோம். அவளுக்காகப் பரிந்துகொண்டு பொய் சொல்ல வேண்டும் என்று எனக்கு எந்தத் தலையெழுத்தும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அவள் காட்டையும் மரத்தையும் படம் எடுக்கிறவள். எடுத்ததைப் பார்த்தால் காடும் தெரியாது, மரமும் தெரியாது. நட்ட நடுப் பகலில் போய் நிற்பாள். படத்துக்கு வேண்டிய வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்கை மட்டும் கேமராவுக்குள் விடுவாள். பகல் அப்படியே இரவாகிவிடும். படம் பதிவாகும் அந்த அரை விநாடிக்குள் கேமராவை மேலிருந்து கீழே இழுப்பாள். மரங்கள் எல்லாம் கோடு கோடாக இழுபட்டுவிடும். கன்னங்கரேலென்ற கறுப்பில் நாலு வெள்ளிக் கோடு, அவ்வளவுதான். கேட்டால் கலை என்பாள். "கரண்ட் போனப்ப எடுத்ததா?" என்று நான் ஒருமுறை கேட்டதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இருட்டுக்காரி என்று பட்டப்பெயர் வைத்ததும் நான்தான்.

வேறு ஊரில் ஒரு புகைப்படப் பள்ளி அவளைக் கூப்பிட்டிருந்தது. வேலை, தங்குவதற்கு அறை, எல்லாம் தருவார்கள். பன்னிரண்டு படம் காட்ட வேண்டும். பதினொன்று தயார். அவளுக்கு என் வீட்டை விட்டுப் போக வேண்டும். எனக்கும் அவள் போக வேண்டும். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

பன்னிரண்டாவதை எடுக்க ஒரு செவ்வாய்க்கிழமை தைல மரத் தோப்புக்குத் தனியாகப் போனாள். அங்கே நடந்ததை அவள் வாயால் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

பகல் 12:10. முதல் படம். கேமராவை இழுத்தாள். எதிரே எங்கோ சருகு "சரக்" என்றது. ஓணானாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

12:14. இரண்டாவது படம். இழுத்தாள். மறுபடி "சரக்". காற்று இல்லை. ஒரு இலைகூட அசையவில்லை.

12:17. மூன்றாவது. "சரக்"... இப்போது இன்னும் கிட்டத்தில்.

பட்டனை அழுத்தாமல் கேமராவை மட்டும் இழுத்துப் பார்த்தாள்.

"சரக்."

நிறுத்தினாள். சத்தமும் நின்றது.

கேமராத் திரையைப் பார்த்தாள். கோடுகளுக்கு நடுவே நகக்கண் அளவில் ஒரு திட்டு. கறுப்பிலும் கறுப்பாக. எல்லாம் இழுபட்டிருக்க, அது மட்டும் இழுபடாமல் நின்றது.

உள்ளே தூசி விழுந்துவிட்டது என்று நினைத்தாள். பிடிவாதக்காரி. இன்னொன்று எடுத்தாள். 12:21.

திட்டு ஒரு விரல்கணு நீளம் இருந்தது.

12:24. திரையில் பாதி.

தலை நிமிர்ந்து பார்த்தாள். வெறும் மரங்கள். பளீரென்று வெயில்.

12:26. அவளாக இழுக்கவில்லை. கை நடுங்கியது, அவ்வளவுதான்.

"சரக்... சரக்... சரக்..."

நடுங்கிய ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஒன்று.

பையைக்கூட மூடாமல் ஓடிவந்துவிட்டாள்.

மறுநாள் கேமரா ரிப்பேர் கடைக்குத் தனியாகப் போக மாட்டேன் என்றாள். என் வீட்டுக்காரர் என்னைத் துணைக்கு அனுப்பினார். தங்கை என்றால் உருகுகிற மனுஷன். முனகிக்கொண்டே போனேன். கடைக்காரர் கேமராவைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"தூசி எதுவும் இல்லைங்க."

"அப்போ அது என்ன?"

"தூசின்னா எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துல, ஒரே அளவுல இருக்கும். இது வளருது." பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "கேமரா ஆடினா நிக்கிறது எல்லாம் இழுபடும். இழுபடாம இருக்கணும்னா, நீங்க ஆட்டுறப்போ அதுவும் கூடவே ஆடணும்."

கம்ப்யூட்டரில் கடைசிப் படத்தைப் போட்டு வெளிச்சத்தைக் கூட்டினார். கறுப்பு மெல்ல மெல்லக் கலைந்தது.

ஆள் உயரம். இரண்டு கையும் முகத்துக்கு நேரே மடங்கியிருந்தன. கேமரா பிடிக்கிற மாதிரி.

கையில் ஒன்றும் இல்லை.

கடைக்காரர் கேமராவை எடுத்து, கடை அலமாரியைப் பார்த்து இழுத்து ஒன்று எடுத்தார். வெளிச்சத்தைக் கூட்டினார். வெறும் கோடுகள். நான் மூச்சு விட்டேன்.

"இப்ப நீங்க எடுங்க."

அவள் எடுத்தாள். 11:32.

படம் முழுக்க அதுதான்.

"கெளம்புங்க," என்றார் கடைக்காரர். கேமராவை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்.

12:10-க்கு எடுத்த முதல் படத்தைத்தான் பள்ளிக்கு அனுப்பினாள். அதில் அது ஊசிமுனை அளவுதான், கறுப்போடு கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டில் அதைத்தான் அவர்கள் ஆகா ஓகோ என்று புகழ்ந்தார்கள். வேலை கிடைத்துவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அடுப்படிக்கு வந்து நின்றாள். மூன்று வருடத்தில் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

"அண்ணி, இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டுமா? தனியா இருக்கப் பயமா இருக்கு."

எனக்குப் பாவமாக இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவளோடு அதுவும் என் வீட்டில் இருக்கிறது என்ற நினைப்பு முந்திக்கொண்டது.

"வண்டிக்குச் சொல்லியாச்சு," என்றேன். "நாளைக்குக் காலையில கெளம்பிடு."

பெட்டியை அடுக்கப் போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு தெளிவு.

"இப்பல்லாம் எந்தப் படத்துலயும் அது இல்ல, அண்ணி."

அப்பாடா என்றிருந்தது. எனக்கே ஆச்சரியம், அவளுக்காகச் சந்தோஷப்பட்டேன்.

"எப்பலேர்ந்து?"



"கெளம்புன அன்னிக்கு வண்டிக்குள்ளேர்ந்து ஒண்ணு எடுத்தேன். காலையில ஒன்பது அஞ்சு. நீங்க கேட் பக்கத்துல நின்னுட்டிருந்தீங்க. அனுப்புறேன், பாருங்க."

வந்தது. வெளிச்சத்தைக் கூட்டித்தான் அனுப்பியிருந்தாள்.

வீடு, கோடு. கேட், கோடு. நான்... கோடு.

என் தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு.

முதல்முறையாக அது இழுபட்டிருந்தது.

அவள் கேமராவோடு அது ஆடவில்லை. என்னை மாதிரியே அசையாமல் நின்றிருக்கிறது... கேட்டுக்கு உள்ளே.

கைகள் கீழே இறங்கியிருந்தன.

"அன்னிக்கே பாத்தியா?"

"வண்டி தெரு முனை திரும்புறதுக்குள்ள பாத்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அதையும் என்கூடவே அனுப்பி வெச்சிருப்பீங்க, அண்ணி."