யாருமில்லா வீட்டில் நிறைந்த தொட்டி

ஊசியக்கா (1949–2021), தையற்காரி. விரலிடுக்கில் இருந்த ஊசியைவிட நாக்கு கூர்மையென்று தெருவே சூட்டிய பெயர்.

கீழ்த்தளத்தில் அவர் குடியிருந்த வீட்டின் படுக்கையறைச் சுவர், கூரையிலிருந்து முழங்கால் உயரம்வரை ஈர ஓதம் பிடித்திருந்தது. தைத்து மடித்த துணியிலும் பூஞ்சணம். துணியையாவது துவைக்கலாம், கணவரின் நுரையீரலை எப்படித் துவைப்பது? உலர்ந்த அறை கிடைக்காவிடில் இந்தக் குளிர்காலத்தை அவர் தாண்டுவது கடினம் என்று மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

மாடியில் வசித்த வீட்டுக்காரரோ சுவரை ஒரு தட்டுத் தட்டினார்.

"ரெண்டு பேர் மூச்சு விடுறீங்க, சமைக்கிறீங்க, ஈரத்துணிய உள்ளயே காயப் போடுறீங்க. ஈரம் எங்கம்மா போகும்? அத உறிஞ்சுற மெஷின் ஒண்ணு வாங்கி வைங்க."

மூச்சு விடுவதையும் குற்றமாக்கிவிட்டானே என்று குமுறியபடியே ஊசியக்கா கடைக்குப் போனார்.

விற்பனையாளர் அழகான சிறு பெட்டி ஒன்றை நீட்டினார். "சத்தமே வராது ஆன்ட்டி."

"நான் ரூமுக்குக் கேட்டேன் தம்பி. இது பீரோவுக்குள்ள வைக்கிறது. யார் தலையில கட்டப் பாக்குற?"

அடுத்து வந்தது பெரிய இயந்திரம். "இதுல குழாய் மாட்டிட்டா தண்ணி நேரா வெளிய போயிடும். தொட்டி தூக்குற வேலையே இல்ல."

"தொட்டிதான் வேணும். எவ்வளவு வருதுன்னு என் கண்ணால பாக்கணும். நிறைஞ்சா தானா நின்னுடுமா?"

"நின்னுடும் ஆன்ட்டி."

அதையே வாங்கினார். ஆயினும் காலையில் சன்னல்களை விரியத் திறக்கும் வழக்கத்தை அவர் விடவில்லை, இயந்திரமும் ஓடிற்று.

"தெருவையும் நாமதான் காய வைக்கணுமா?" என்று கணவர் இரைப்புக்கிடையே சிரித்தார். ஊசியக்கா முகம் சிவக்கச் சன்னலை அறைந்து சாத்தினார். அப்போதும் தொட்டி நிறைந்துகொண்டேதான் இருந்தது.

பிறகு, கணவரை நாத்தனார் வீட்டுக்குச் சில நாள் அழைத்துப் போனார். போகுமுன் தொட்டியைக் காலி செய்து, இயந்திரத்தை ஓடவிட்டு, வீட்டைப் பூட்டினார். திரும்பி வந்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. தொட்டி தளும்பத் தளும்ப நின்றது.

அதை அப்படியே தூக்கிக்கொண்டு மாடியேறி, வீட்டுக்காரரின் வாசலில் நங்கென்று வைத்தார்.

"பூட்டின வீடு. அடுப்பு எரியல, துணி காயல. யாருய்யா மூச்சு விட்டது? எங்க ரூமுக்கு மேல இருக்கிற உங்க குளியலறைக் குழாயா?"

"அக்கம்பக்கம் பாக்குது, மெதுவாப் பேசுங்கம்மா."

"எங்க வீட்டுக்காரர் மெதுவாத்தான் மூச்சு விடுறாரு. நான் சத்தமாத்தான் பேசுவேன்!"

மறுநாள் குழாய்க்காரர் வந்து மாடிக் குளியலறைத் தரையை உடைத்தார். இணைப்பில் வெடிப்பு, சுவருக்குள் நீர் வழிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டும் வீட்டுக்காரர் பூசி மெழுகினார்: "முன்னாடியே சொல்லியிருந்தா அப்பவே சரி பண்ணியிருப்பேனே!"

"சுவரே சொல்லிச்சே, காதுல விழலையா?"

கணவர் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினார். இன்னும் சிலவற்றையும் தாண்டினார். வீட்டுக்காரரிடமிருந்து மன்னிப்பென்று ஒரு சொல் வரவில்லை. ஊசியக்கா அவரோடு கடைசியாகப் பேசியது, தரையை உடைத்த அந்த நாளில்: 2016 நவம்பர் 9.