நான் நைரோபி விற்ற காலம்

பயணக் கந்தோரில் வேலை செய்கிறவளுக்கு, தான் காணாத ஊரைப் பற்றி முகம் மாறாமல் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

கொழும்பில் விமான டிக்கெட் எழுதிப் பழகியவள் என்பதால், ஜெர்மனியில் வுப்பர்டால் என்ற ஊரில் எங்களை அகதிகளாக ஏற்றுக்கொண்ட பிறகு எனக்கு ஒரு சின்னப் பயணக் கந்தோரில் இடம் கிடைத்தது. முதலாளி ஃப்ராவ் கெல்லர் என்ற அம்மா. எங்கள் கடையின் விசேஷம் நைரோபி. கென்யாவின் கடற்கரையில் வெயில் காயப் போகிற ஜெர்மன்காரரை வழியில் தலைநகரத்தில் இறக்கி, பட்டணத்து ஓரத்திலேயே இருக்கிற மிருகப் பூங்கா, மியூசியம், பாம்புப் பண்ணை எல்லாம் காட்டி அனுப்புவோம். நானோ நைரோபியைப் படத்தில் மட்டும் பார்த்தவள். கவுண்டருக்குப் பின்னால் நின்று சிரிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், மிச்சம் உங்களுக்கே விளங்கும்.

உங்கட ஊர்

சுவரில் சிங்கத்தின் படம், அதற்குக் கீழே மண்ணிறத்தில் நான். வருகிறவர்கள் எல்லோரும் என்னை நைரோபிக்காரி என்றே முடிவு கட்டினார்கள். உங்கட ஊரில் எந்த மாதம் மழை, உங்கட ஊரில் தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்பார்கள். முதலில் திருத்தினேன். பிறகு வாய் நொந்து, மழை மாதத்தை மட்டும் சொல்லி விட்டுவிடுவேன்.

ஒருநாள் ஒரு மருந்துக்கடைக்காரர் வந்தார். ஆறுதலாகப் பேசுகிற மனுஷன். அவருக்குச் சொல்லலாம் போலிருந்தது. நான் இலங்கைத் தமிழ் என்றும், எண்பத்துமூன்றில் கொழும்பில் எங்கள் வீட்டை எரித்தபோது உடுத்த உடுப்போடு ஓடி வந்தோம் என்றும் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில், அங்கேயும் சிங்கம் இருக்கிறதா என்று விசாரித்தார். காட்டில் இல்லை, நாட்டுக் கொடியில்தான் இருக்கிறது என்றேன். மனுஷனுக்குப் பெரிய ஆறுதல்.

"அப்ப பயமில்லை. கொடியில இருக்கிற சிங்கம் ஒருத்தரையும் கடிக்காதுதானே."

பின்னால் கட்டடம்

நைரோபிப் பூங்காவின் புதுமையே, சிங்கம் படுத்திருக்கிற புல்வெளிக்குப் பின்னால் பட்டணத்து மாடிக் கட்டடங்கள் தெரிவதுதான். அதைச் சொல்லித்தான் நாங்கள் விற்பது. இறைச்சிக் கடை வைத்திருந்த ஒருவர் போய், அருமையாக ஒரு ஆண் சிங்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு வந்தார். வந்த கையோடு கடைக்குள் வந்து படத்தை மேசையில் போட்டார்.

அவருடைய மச்சான் படத்தைப் பார்த்துவிட்டு, இது வுப்பர்டால் மிருகக்காட்சிச்சாலையில் எடுத்தது, பின்னால் கட்டடம் தெரிகிறது, நீ ஆப்பிரிக்காவுக்கே போகவில்லை என்று பத்துப் பேருக்கு முன்னால் சிரித்தானாம். அது பூங்காவின் சிறப்பு என்று நான் விளக்கினேன். ஃப்ராவ் கெல்லரும் வந்து விளக்கினார். இறைச்சிக் கடைக்காரர் அசையவில்லை.

"சிறப்பை நீங்களே வைச்சிருங்கோ. எனக்குப் பின்னால ஒண்டுமில்லாத சிங்கமொண்டு காட்டியிருக்கலாம்."

நாக்கு

ஒட்டகச்சிவிங்கிக்குக் கையால் தீனி கொடுக்கிற இடமொன்று அங்கே உண்டு. உயரமான மேடையில் நின்று நீட்டினால் அது தலையை நீட்டி எடுக்கும். அதற்கு ஆசைப்பட்டுப் போன ஒரு அம்மா, திரும்பி வந்து கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அது நாக்கை நீட்டி ஒரு பக்கம் முழுக்க நக்கிவிட்டதாம். மிருகத்தோடு நான் பேசி வைக்க முடியுமா என்று கேட்க வாய் துடித்தது. சிரித்துக்கொண்டு நின்றேன்.

"படத்தில தீனி குடுக்கலாம் எண்டு போட்டிருக்கிறியள். நக்கும் எண்டு எங்க போட்டிருக்கிறியள்?"

ரயில் பார்க்கப் போனவர்

நைரோபியில் ரயிலுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. பழைய நீராவி இயந்திரங்கள், ஒரு காலத்தில் சிங்கம் புகுந்து ஆளை இழுத்துக்கொண்டு போன ரயில் பெட்டி எல்லாம் வைத்திருக்கிறார்கள். ரயில்வேயில் பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு, சும்மா ஒரு மணித்தியாலம் போய்ப் பாருங்கோ என்று நான்தான் சொன்னேன். அவர் முதல் நாள் போனார். அடுத்த நாளும் போனார். பூங்காவுக்குப் போகிற வாகனம் விடுதி வாசலில் நிற்க, இவர் மூன்றாம் தரமும் இயந்திரத்துக்குக் கீழே படுத்துக் கிடந்தாராம். மனைவி தனியே போய்க் காண்டாமிருகம் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து என் முன்னால் இருந்த அந்த மனைவி கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"முப்பது வருஷமா எண்ணெய் மணத்தோட வீட்டுக்கு வந்த மனுஷன். அங்கயும் அதே மணம்."

வாசற்படி

இவ்வளவுக்கும் நடுவில் என் தம்பி நைரோபியில் இருந்தான். ஜெர்மனிக்கென்று புறப்பட்டவனை, கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்ட் அங்கே ஒரு அறையில் விட்டுவிட்டு மாயமாகிவிட்டான். விசா முடிந்துவிட்டது. பொலிசுக்குப் பயந்து வெளியே தலை காட்டமாட்டான். கிழமைக்கொருக்கால் எங்கள் வீட்டுக்கு போன் எடுத்து, சுகம் அக்கா என்பான். அந்தக் குரலில் சுகம் இல்லை. நானே போய்ப் பார்க்கலாமென்றால், என்னுடைய அகதிப் பாஸ்போர்ட்டுக்கு விசா கிடைக்கவில்லை. நான் கவுண்டரில் நின்று, நைரோபி நல்ல பட்டணம், ஒருக்கால் போனால் திரும்பி வர மனம் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஃப்ராவ் ஹெல்விக் வந்தார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர், இடுப்பு நோவால் கம்பு ஊன்றி நடந்தார். மிருகம் ஒன்றும் வேண்டாம், மியூசியத்தில் இருக்கிற ஆதி மனிதரின் எலும்புகளைப் பார்க்க வேண்டும், அது இளமையிலிருந்தே ஆசை என்றார். கூடப் போகிற தங்கைக்குக் கடற்கரை அவசரம். ஆகவே அவருக்கு நைரோபியில் ஒரே ஒரு காலைதான். டிக்கெட்டைக் கொடுத்தபோது என்னை அறியாமலே தம்பியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் யோசிக்கவில்லை. மியூசிய வாசலில் வெளிநாட்டுக்காரர் நின்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், அங்கே வரச் சொல்லுங்கோ என்றார். தம்பி உடுக்க ஒரு சாரமும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் கொடுத்துவிட்டேன்.

அவர் திரும்பி வந்த அன்று கடையில் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். நான் அவர்களை விட்டுவிட்டு வெளியே வந்தேன். தம்பி மெலிந்திருக்கிறான், ஆனால் நோய் வருத்தம் ஒன்றும் இல்லை என்றார். ஒரு கிழமையாக ஒருவரோடும் பேசாமல் இருந்தவனாம். பேசத் தொடங்கியவன் நிறுத்தவில்லையாம். அம்மாவைப் பற்றி, எரிந்த வீட்டைப் பற்றி, என்னுடைய கோபத்தைப் பற்றி. விமான நிலைய வாகனம் வந்து ஹோர்ன் அடிக்கும் வரைக்கும் இரண்டு பேரும் மியூசிய வாசற்படியில் இருந்திருக்கிறார்கள். எலும்புகள் எப்படி என்று கேட்க நான் வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"அதை மட்டும் கேக்காதேங்கோ. நான் உள்ளுக்குப் போகேல்லை."

அடுத்த இளவேனிலில் தம்பி வேறொரு ஏஜென்டைப் பிடித்து, மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினான். அங்கிருந்து மேற்கு பெர்லினுக்கு வந்து போன் எடுத்தபோது, பசிக்குது அக்கா என்றான். அந்தக் குரலை நான் நம்பினேன்.

எத்தனையோ பேரை நைரோபி பார்க்க அனுப்பினேன். குறை சொல்லாமல் திரும்பி வந்தவர், அங்கே ஒன்றையும் பார்க்காமல் வந்த அந்த ஒருவர்தான்.